பரிசல்காரனிடம் ஒரு கேள்வி

சென்னையிலிருந்து வந்து ஒரு வாரமாகியும் ஹேமலதா தன் அம்மாவிடம் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை என்பதில் போன வாரம் விட்டோம். லட்சம் பேருக்கு எழுதிப் போடுகிறவளுக்குப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

இன்று அமாவாசை. ஆரணியில் அமாவாசை என்றால் தறிக்கு ஓய்வு. விடிந்ததிலிருந்து தெருவில் தறிச்சத்தம் இல்லை. இரண்டு வீடு தள்ளி யாராவது இருமினால்கூடக் காதில் விழுகிறது.

ஹேமலதாவின் அப்பா சம்பந்தம் காலையிலேயே மேல்மலையனூருக்குப் பஸ் ஏறிவிட்டார். பக்தி என்று தெருவில் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மை என்னவென்றால், மகன் விக்னேஷ் போனதிலிருந்து அவருக்கு அமாவாசையன்று வீட்டில் இருக்க முடிவதில்லை. இருந்தால் மகனுக்குப் போடும் படையல் இலையைப் பார்க்கவேண்டும். அவர் தப்பித்துவிட்டார். வீட்டில் மிஞ்சியது மூன்று பெண்கள். அம்மா ரேணுகாம்பாள், மருமகள் துர்கா, மகள் ஹேமலதா.

ஹேமலதா சென்னையில் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். அவளுடைய பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர். தமிழில் சொன்னால், கேம் வருவதற்கு முன்னால் ஜனங்களுக்கு ஆசையை ஏற்றிவிடுவதும், வரும் நாள் நெருங்கியதும் ஏற்றிய ஆசையை மெதுவாக இறக்குவதும்தான் வேலை. ஏற்றுவது சுலபம்.

அடுத்த மாதம் வரப்போகும் கேமின் பெயர் ‘ஆழிநாடு’. ஒரு நாடே அதற்குள் இருக்கிறது. காடு, மலை, சந்தை, கோட்டை என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதிர்ப்படும் எவரிடமும் பேசலாம். அந்த நாட்டின் ஆற்றங்கரையில் ஒரு பரிசல்காரன் நிற்கிறான். அவனுக்குக் குரல் கொடுத்தது விக்னேஷ். இந்தப் பக்கத்துப் பேச்சு வேண்டும் என்று கம்பெனியில் கேட்டபோது, ஹேமலதாதான் அண்ணனைச் சென்னைக்குக் கூட்டிப்போய் மைக் முன்னால் நிறுத்தினாள். அதன்பின் சில மாதத்தில் போளூர் சாலையில் பைக் விபத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். இரண்டு வருடம் ஆகிறது.

காலைக் காபி ஆறுவதற்குள் மேலாளர் பரசுராமனிடமிருந்து போன் வந்துவிட்டது.

“ஹேமலதா, அந்த விளக்கத்த இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள போட்டுடணும். ஜனங்க ஓவரா கற்பனை பண்ணிட்டாங்க. ரிலீஸ் அன்னிக்கு மொத்தமா திட்டு வாங்கறதுக்கு, இப்பவே கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கலாம்.”

“எல்லாத்தையும் சொல்லிடலாமா சார்?”

“கடல்ல ரொம்ப தூரம் போக முடியாது, குதிரை கெடயாது, இதெல்லாம் சொல்லிடு. அந்தப் பேச்சு விஷயத்த மட்டும் பக்குவமா சொல்லு.”

“பக்குவமான்னா?”

“சூழ்நிலைக்கு ஏத்த மாதிரி பேசுவாங்கன்னு போடு. பொய்யும் இல்ல பாரு.”

அந்தப் பேச்சு விஷயத்தை ஆரம்பித்து வைத்ததே ஹேமலதாதான். போன வருடம் முதல் முன்னோட்டம் வந்தபோது, ‘இங்கே யாரிடமும் எதையும் கேட்கலாம், எல்லோரும் பதில் சொல்வார்கள்’ என்று எழுதினாள். ஜனங்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மைக்கில் நாம் என்ன கேட்டாலும் கேமில் இருப்பவர்கள் தாமாகவே யோசித்துப் பதில் சொல்வார்கள் என்று யூடியூபில் ஒருவன் சொல்ல, அவனைப் பார்த்து நூறு பேர் சொன்னார்கள். முன்பதிவு ஏறியது. ஏறுவதை எந்தக் கம்பெனி மறுக்கும்?

அந்த நூறு பேரையும் நம்பியவர்களில் ஒருத்தி, இந்த வீட்டு அடுப்படியில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

“யூடியூப்ல வர்ற அந்தக் கண்ணாடி போட்ட பையன் நேத்துகூட சொல்லிகினு இருந்தான்டி” என்றாள் ரேணுகாம்பாள். “மைக்ல இன்னா கேட்டாலும் பதில் வருமாம். உங்க கம்பெனிகாரங்க யாரும் இல்லன்னு சொல்லலியாம்.”

“அவனுக்கு இன்னாம்மா தெரியும்? கேம அவன் கண்ணாலகூட பாத்ததில்ல.”

“நீ எழுதினதத்தான படிச்சிக் காட்னான். எல்லாரும் பதில் சொல்வாங்கன்னு எழுதினது நீயா, இல்லியா?”

“நான்தான். ஆனா அது விளம்பரம்மா.”

“விளம்பரம்னா?” ரேணுகாம்பாள் கத்தியைக் கீழே வைத்தாள். “கடைக்காரர் எதிர்ல முந்தானைய விரிச்சிக் காட்டிட்டு, பிரிச்சா உள்ள வேற சேலை இருந்தா வாங்கிக்குவாரா? மூஞ்சிலயே விட்டெறிவாரு. காட்டினது சேலைல இருக்கணும். நம்ம வீட்ல பொறந்தவ நீ, இல்லாதத காட்டுவியா?”

உண்மையைச் சொல்ல வாய்த்த நல்ல இடம் அது. அந்த இடத்தில் அவள் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

“எனக்கு ஒரே ஒரு கேள்விதான்டி” என்றாள் அம்மா, குரல் இறங்கி. “கேம் வந்த அன்னிக்கு விக்கிக்குப் புடிச்சத செஞ்சி வெச்சிட்டு அவன்கிட்ட அந்த ஒண்ணத்தான் கேப்பேன். அப்பால அவன பேஜார் பண்ண மாட்டேன்.”

அந்தக் கேள்வி என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

விபத்து நடந்த அன்று ரேணுகாம்பாள் கணவனோடு தறியில் இருந்தாள். கோர்வைச் சேலை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். ஒவ்வொரு இழைக்கும் இரண்டையும் கோர்த்துக்கொண்டே போகவேண்டும். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையை எடுத்தால் மற்றவர் வேலையும் நின்றுபோகும். அலமாரியில் இருந்த போன் அடித்தது. திரையில் மகன் பெயர் தெரிந்தது. “இத முடிச்சிட்டுப் பேசிக்கலாம்” என்றாள் ரேணுகாம்பாள். நெசவு செய்கிற எந்த வீட்டிலும் எவரும் சொல்வதுதான். அடுத்து வந்த போனில் மகன் பேசவில்லை. யாரோ ஒரு ஆள், வழியில் போனவர், பேசினார்.

எதற்காகக் கூப்பிட்டான்? இரண்டு வருடமாக அவளுக்கு இந்தக் கேள்வியோடுதான் சாப்பாடும் தூக்கமும்.

தறி இருக்கும் அறையில் துர்கா சேலையை மடித்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் சேலை விற்பது அவள் பொறுப்பு. கணவன் போனபிறகு அம்மா வீட்டுக்குப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டவள். அதிகம் பேசமாட்டாள். அதைத் துக்கம் என்றுதான் ஹேமலதா நினைத்திருந்தாள்.

“அண்ணி, இன்னிக்கு அம்மாகிட்ட சொல்லிடப் போறேங்க.”

“இன்னாத்த?”

“அண்ணன் பதில் சொல்ல மாட்டாருன்னு. நாலு வரிதான் பதிவு பண்ணாங்க. யார் இன்னா கேட்டாலும் அந்த நாலத்தான் மாத்தி மாத்தி சொல்லும்.”

துர்காவின் கையிலிருந்த போன் தாழ்ந்தது.

“வேணாம் ஹேமா.”

“ஏன் அண்ணி? கேம் வந்தா தெரியத்தான போவுது?”

“வர்றப்ப வரட்டும். அது பேசும்னு நெனச்சிகினு இருக்கற வரைக்கும் அத்தை எங்கிட்ட கேக்க மாட்டாங்க.”

ஹேமலதாவுக்கு முதலில் புரியவில்லை. துர்கா கதவை ஒருக்களித்தாள். தறியில்லாத அமாவாசை, மெதுவாகப் பேசினாலும் அடுப்படிக்குக் கேட்கும்.

“அன்னிக்கு நாங்க கலசப்பாக்கத்துல எங்கம்மா வீட்ல இருந்தோம், தெரியும்ல? உங்கண்ணன் சென்னைல குடித்தனம் வெச்சிடலாம்னு இருந்தாரு. நீ கூட்டிகினு போயி பேச வெச்சியே, அந்தக் குரல கேட்டுட்டு இன்னும் ரெண்டு எடத்துல கூப்ட்டிருந்தாங்க. அத அத்தைகிட்ட சொல்ல பயந்துகினே நாள கடத்தினாரு. நான்தான், இப்பவே போன் பண்ணி சொல்லுங்கன்னு நச்சரிச்சேன். பண்ணாரு. அத்தை எடுக்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா? எடுக்கலன்னா நேர்ல போயி சொல்லிட்டு வாங்கன்னு வண்டி சாவிய கையில குடுத்தேன். போளூரக்கூட தாண்டல.”

ஹேமலதா தறியின் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னைய திட்டுவாங்கன்னு பயப்படல ஹேமா. நல்லா திட்டட்டும். ஆனா இது தெரிஞ்சா, நான் போன எடுத்திருந்தா அவன் வண்டியே எடுத்திருக்க மாட்டானேன்னு அவங்களுக்குத் தோணிடும். தோணாம இருக்குமா? அப்பால எப்படி இந்தத் தறியில உக்காருவாங்க?”

இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவு பாரத்தையும் ஒருத்தி தனியாகச் சுமந்திருக்கிறாள். வாரம் தவறாமல் போன் செய்து “சாப்ட்டீங்களா அண்ணி” என்று கேட்டதோடு தன் கடமை முடிந்ததாக நினைத்ததில் ஹேமலதாவுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. மைக் முன்னால் நிறுத்தியது யார்? அந்தக் கணக்கில் அவளுக்கும் பங்கு உண்டே.

மதியம் படையல் போட்டார்கள். இலையில் வாழைக்காய் வறுவல், வடை, பாயசம், விக்னேஷுக்குப் பிடித்த மொச்சைக் குழம்பு. மூன்று பேரும் விழுந்து கும்பிட்டார்கள். ஒவ்வொருத்தியும் என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டால் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

சாப்பிட்டதும் ஹேமலதா மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்தாள். விளக்கத்தை எழுதவேண்டும். பரசுராமன் சொன்ன வாக்கியம் தயாராக இருக்கிறது. ‘சூழ்நிலைக்கு ஏற்றபடி பேசுவார்கள்.’ அதைப் போட்டால் கம்பெனிக்கு நல்லது. அம்மாவின் ஆசை இன்னும் ஒரு மாதம் உயிரோடு இருக்கும். துர்காவும் ஒரு மாதம் நிம்மதியாக இருப்பாள். யாருக்கு நஷ்டம்?

போடுவதற்கு முன்னால் அவள் ஒன்று செய்தாள். சோதனைக்காகக் கொடுத்திருந்த கேமைத் திறந்தாள். வெளியாள் எவருக்கும் காட்டக்கூடாது என்பது கம்பெனி விதி. விதி இல்லாவிட்டாலும் அவள் காட்டியிருக்க மாட்டாள். அண்ணன் இறந்த பிறகு அவளே அந்த ஆற்றங்கரைக்குப் போனதில்லை. ஒவ்வொரு முறையும் மேலே இருக்கும் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள்.

இன்று இறங்கினாள். தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் துடுப்போடு நின்றான். முகம் யாருடையதோ.

“ஜல்தியா ஏறுங்க, வெள்ளம் ஏறிகினு வருது” என்றான்.

குரல் விக்னேஷேதான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு இதே அவசரத்தோடுதான் அவளைக் கூப்பிடுவான். ஹேமலதா வாய்விட்டு அழுதாள். தள்ளிப்போய்த் திரும்பி வந்தாள்.

“இன்னா யோசிச்சிகினு நிக்கறீங்க?” என்றான்.

இன்னொரு முறை வந்தாள். ஆற்றின் ஆழத்தைப் பற்றி ஏதோ சொன்னான். அடுத்த முறை அக்கரைச் சந்தையைப் பற்றி. அதற்கடுத்த முறை மறுபடியும், ஜல்தியா ஏறுங்க.

வெளியீட்டு நாளன்று அம்மா சமைத்து வைத்துவிட்டு இதன் எதிரில் உட்கார்ந்து கேட்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். அதற்குமேல் எதையும் யோசிக்க முடியவில்லை. பரசுராமனின் வாக்கியத்தை அழித்துவிட்டு எழுதினாள்.

‘ஆழிநாட்டில் எல்லோரும் எழுதிக் கொடுத்ததை மட்டுமே பேசுவார்கள். நீங்கள் கேட்பது அவர்கள் காதில் விழாது. எல்லோரும் பதில் சொல்வார்கள் என்று போன வருடம் எழுதியது தவறு. அப்படி எதிர்பார்த்து வாங்காதீர்கள்.’

யாரிடமும் காட்டாமல் போட்டுவிட்டாள். போட்டுவிட்டால் கீழே போய்ச் சொல்லித்தானே ஆகவேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி போட்ட பையன் சொல்லிவிடுவான்.

வசை வருவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மோசடி என்றார்கள், காசைத் திருப்பிக் கொடு என்றார்கள். பரசுராமன் பெயர் திரையில் மறுபடி மறுபடி வந்தது. வேலை போனாலும் போகும். அவள் சத்தத்தை அணைத்துவிட்டு லேப்டாப்போடு கீழே இறங்கினாள்.

ரேணுகாம்பாள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். துர்கா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ம்மா, கேம் வர்ற வரைக்கும் நீ காத்திருக்க வேணாம். இப்பவே காட்றேன். ஆனா ஒண்ணு. அவன் பதில் சொல்ல மாட்டான். பேசி வெச்ச நாலு வரியத்தான் சொல்லுவான். நான் எழுதினது தப்பும்மா.”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை.

“நீ போடு” என்றாள்.

ஆறு வந்தது. தலைப்பாகைக்காரன் வந்தான். “ஜல்தியா ஏறுங்க, வெள்ளம் ஏறிகினு வருது.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ரேணுகாம்பாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. கொஞ்சநேரம் கழித்து முன்னால் சாய்ந்து, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“விக்கி, அன்னிக்கு எதுக்குடா போன் பண்ண?”

அவனைப் பேசவைக்க ஹேமலதா பொத்தானைத் தொடத்தான் வேண்டியிருந்தது.

“இன்னா யோசிச்சிகினு நிக்கறீங்க?” என்றது குரல்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார், பதில் சொல்கிறான் என்பதுபோல் மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஹேமலதாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“யோசிக்கலடா கண்ணு. கேட்டுகினு இருக்கேன். எதுக்குப் பண்ண? அம்மா தறியில இருந்தேன்டா. சொல்லு.”

ஆற்றின் ஆழத்தைச் சொன்னான். அக்கரைச் சந்தையைச் சொன்னான். வெள்ளம் ஏறிகினு வருது என்றான். ரேணுகாம்பாள் இன்னொரு முறை கேட்டாள். அவனும் இன்னொரு முறை சொன்னான்.

“மூடிடு” என்றாள் அம்மா.

ஹேமலதா மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவே பேசினாள்.

“பேச மாட்டான்னு எனக்கும் உள்ளுக்குள்ள தெரியும்டி. போனவன் எங்கேர்ந்து பேசப் போறான்? இருந்தாலும் அவன் வாயால வந்துட்டா, வேற யாரையும் கேக்க வேணாமேன்னு பாத்தேன்.”

“வேற யார கேப்ப?”

“கூட இருந்தவள.” ரேணுகாம்பாள் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள். “கொழம்புல உப்பு இருக்கான்னு கேட்டாகூட என் மூஞ்சப் பாக்காம சொல்றா, ரெண்டு வருஷமா. அவளுக்குத் தெரியும். தாலிய பறிகொடுத்தவள எதுக்கு நோகடிக்கறதுன்னு வாய மூடிகினு இருந்தேன்.”

“ம்மா, இன்னிக்கு வேணாம்மா.”

“பின்ன என்னிக்கு?”

“துர்கா, இங்க வாம்மா” என்றாள் ரேணுகாம்பாள்.

துர்கா ஈரக்கையோடு வந்து நின்றாள். அம்மா பாயில் நகர்ந்து இடம் விட்டாள். துர்கா உட்கார்ந்தாள். மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்தாள். பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

“நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றாள் ரேணுகாம்பாள். “அவன் இன்னாவோ சொல்லணும்னு பண்ணிருக்கான். அது இன்னான்னு மட்டும் சொல்லிடு.”

“சென்னைக்குப் போயிடலாம்னு...” என்றாள் துர்கா. பேச்சை அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாயிருக்கும். தேம்பலோடு சேர்ந்து அடுத்ததும் வந்துவிட்டது. “போன்ல சொல்ல முடியலன்னுதான், அத்தை, வண்டிய எடுத்தாரு.”

ஹேமலதா கண்ணை மூடிக்கொண்டாள்.

ரேணுகாம்பாள் மருமகளின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

“அப்போ, நான் அன்னிக்கு போன எடுத்திருந்தா?”

துர்கா ஹேமலதாவைப் பார்த்தாள். ஹேமலதா துர்காவைப் பார்த்தாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி, பதிலுக்காகக் காத்திருந்தாள்.